எடின்பரோவில் தெருவித்தை பார்க்கப் போகிறீர்களா?

ஆகஸ்டில் ஃபிரிஞ்ச் கலைவிழா நடக்கும்போது அங்கே போகிறவர்கள், அரங்க டிக்கெட் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். ராயல் மைலின் ஹை ஸ்ட்ரீட்டிலும், தேசிய ஓவியக்கூடத்தை ஒட்டிய மவுண்டிலும் வித்தைகள் தெருவிலேயே நடக்கும்.

கூட்டம் வட்டம் கட்டத் தொடங்கும்போதே போய் நின்றுகொள்ளுங்கள். பெரிய காட்சி என்றால் அரை மணி, முக்கால் மணி ஓடும். அதில் பெரும்பகுதி வாய்ப்பேச்சுதான். தீப்பந்தம், கத்தி, உயரச் சைக்கிள் எல்லாம் கடைசியில்தான் வரும். பாதியில் கிளம்பினால் நஷ்டம் நமக்கே. முன்வரிசையில் நிற்பவரை ஆட்டத்துக்குள் இழுத்துவிடுவார்கள். கூச்சப்படுகிறவர்கள் மூன்றாம் வரிசைக்கு நகர்ந்துவிடலாம். குழந்தைகளை மட்டும் முன்னால் உட்கார வையுங்கள்.

கலைஞர்களுக்குச் சம்பளம் கிடையாது. தொப்பியில் விழுவதுதான் வரும்படி. கடைசிவரை ரசித்துவிட்டு, தொப்பி வரும்போது நழுவுவது அழகல்ல. 5 பவுண்டு நோட்டு போட்டால் மரியாதையாக இருக்கும். கையில் காசில்லையா? பலரிடம் கார்டைத் தட்டும் கருவியே உண்டு.

கல் பாவிய தெரு, சொல்லாமல் வரும் மழை. தட்டையான செருப்பும் மழைக்கோட்டும் போதும். குடை பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். ஞாயிறு தவிரப் பெரும்பாலும் தினமும் பகல் 1 மணிக்கு எடின்பரோ கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள், பதறாதீர்கள்.