வெசிக்கிள் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஏழு அறிவுரைகள்

நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உள்ள சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் தண்ணீரில் தாமாகவே கூடி, ஈரடுக்குச் சுவராக வளைந்து, உள்ளே கொஞ்சம் நீரை அடைத்துக்கொண்டால் அதுதான் வெசிக்கிள். முழுக்கச் செயற்கையான மூலக்கூறும் இப்படிச் சுவர் கட்டும் என்று 1977இல் ஜப்பானில் குனிடாகேயும் ஒகஹாட்டாவும் காட்டினார்கள். அந்தச் சுவரின் குணத்தை வெப்பநிலை மாற்றிவிடும். ஆகவே, பிள்ளைகளே:

1. சுவர் இளகும் வெப்பநிலையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் கீழே மூலக்கூறின் வால்கள் உறைந்த நெய்போல விறைத்திருக்கும். மேலே நெகிழ்ந்து அசையும். 18 கார்பன் வால் இரண்டுள்ள டி.ஓ.டி.ஏ.பி. என்ற சர்ஃபாக்டன்ட்டின் சுவர் சுமார் 45 டிகிரி செல்சியசில் இளகும். 12 கார்பன் வால் இரண்டுள்ள டி.டி.ஏ.பி.க்குச் சுமார் 16 டிகிரியே போதும்.

2. எப்போதும் அந்த வெப்பநிலைக்கு மேலே வைத்தே தயாரியுங்கள். டி.ஓ.டி.ஏ.பி. என்றால் 60 டிகிரி நல்லது. கரைசல் மட்டும் சூடாக இருந்து பயனில்லை. அதை வடிகட்டி வழியே தள்ளும் கருவியும் சூடாக இருக்க வேண்டும்.

3. ஆறிய பிறகு உருண்டையை எதிர்பார்க்காதீர்கள். வால்கள் நிமிர்ந்து நெருங்குவதால் சுவரின் பரப்பு சுருங்கும், வளையவும் மறுக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பட்டை தீட்டியதுபோன்ற கோண வடிவங்கள் தெரிந்தால் மாதிரி கெட்டுவிட்டதாக நினைத்துக் கொட்டிவிட வேண்டாம்.

4. உள்ளே மருந்தோ சாயமோ அடைத்திருந்தால் இளகும் புள்ளியில் கவனம் தேவை. அங்கே விறைத்த திட்டும் நெகிழ்ந்த திட்டும் ஒட்டும் ஓரங்களில்தான் கசிவு அதிகம்.

5. ஏற்றமும் இறக்கமும் ஒன்றல்ல. குளிர்விக்கும்போது சுவர் விறைப்பது, சூடேற்றும்போது இளகிய இடத்துக்குச் சில டிகிரி கீழேதான். இரு திசையிலும் அளந்து பாருங்கள்.

6. சூடு எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளாது. நேர், எதிர் மின்னூட்டச் சர்ஃபாக்டன்ட்டுகளைக் கலந்து செய்த சில வெசிக்கிள்கள் சூட்டில் கலைந்து, உள்ளே நீரில்லாத சிறு திரளான மிசெல்லாகும். எத்திலீன் ஆக்சைடு தலையுள்ளவற்றில் தலை நீரை இழந்து சுருங்குவதால், மிசெல் வெசிக்கிளாவதும் உண்டு.

7. ஒளிச்சிதறலில் அளவு பார்க்கும்போது நீரின் பாகுநிலையைத் திருத்துங்கள். 25 டிகிரியில் 0.89 மில்லிபாஸ்கல்-நொடியாக இருப்பது 50 டிகிரியில் 0.55 ஆகிவிடும். பழைய எண்ணையே விட்டுவைத்தால் 100 நானோமீட்டர் வெசிக்கிள் 60 நானோமீட்டர் அளவாகத் தெரியும். சூட்டில் சுருங்கியது என்று கட்டுரையும் எழுதிவிடுவீர்கள்!

எத்தனை டிகிரியில் செய்தது, எவ்வளவு வேகத்தில் ஆறியது, எத்தனை டிகிரியில் அளந்தது: இந்த மூன்றும் எழுதாத நோட்டை என்னிடம் கொண்டுவராதீர்கள்.