பள்ளிப் பேருந்தும் இருக்கை வாரும்

பொழுது புலரும் முன்னரே தாயும் தந்தையும் மரம் சீவப் புறப்பட்டுவிடுகின்றனர். தோட்டத்து முகப்பில், புத்தகப் பையைச் சுமந்த பிள்ளைகள் மஞ்சள் நிறப் பேருந்துக்காகக் காத்து நிற்கின்றனர். பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், சிம்மோர், தாப்பா, பீடோர் போன்ற வட்டாரங்களில் பலருக்கும் பழகிய காட்சி இது. ஒரு காலத்தில் பிள்ளைகள் லயத்திலிருந்து நடந்தே பள்ளிக்குச் சென்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை நடப்பட்டும், குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களிலுள்ள வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தும் போனபின், பள்ளி ஓரிடத்திலும் வீடு வேறிடத்திலுமாயின. இன்று பல பிள்ளைகளைப் பள்ளியோடு இணைப்பது பேருந்து ஒன்றே.

அப்பேருந்தில் பிள்ளைகளுக்கு இருக்கை வார் வேண்டுமா என்னும் கேள்வி அவ்வப்போது எழுகின்றது. 'சீட் பெல்ட்' என்று நாம் பேச்சில் வழங்குவதே இருக்கை வார். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவது எளிது. எனினும் காரணம் அறிந்து விடை காண்பதே நன்மை பயக்கும்.

வாளிப் பால் கற்பிக்கும் பாடம்

பால் நிறைந்த வாளியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்குச் செல்லும் தொழிலாளி, வழியில் திடீரென்று பிரேக்கை அழுத்தினால் என்ன நிகழும்? சைக்கிள் நிற்கும், பால் நிற்காது. அது முன்னோக்கிச் சாடி வாளியின் விளிம்பைத் தாண்டிச் சிந்தும். இயங்கும் பொருள், தடுக்கப்படும் வரை இயங்கிக்கொண்டே இருக்கும் என்பது இயற்கையின் விதி.

பேருந்தில் அமர்ந்துள்ள பிள்ளையும் அவ்வாறே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து எதிலேனும் மோதி நின்றால், பிள்ளையின் உடல் அதே வேகத்தில் முன்னே பாய்கின்றது. அவ்வேகத்தில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, தரையில் விழுவதற்கு ஒப்பாகும். 30 கிலோமீட்டர் வேகமாயின் அவ்வுயரம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். 60 கிலோமீட்டராயின் 14 மீட்டர். வேகம் இருமடங்கானால் மோதலின் வலிமை நான்கு மடங்காகின்றது என்பதை இக்கணக்கு காட்டும். ஓட்டுநரிடம் "மெதுவாகச் செல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்வது வெறும் உபசார வார்த்தையன்று.

பாய்கின்ற உடலைத் தடுத்து, அத்தாக்குதலை இடுப்பெலும்பு, மார்பு ஆகிய வலிய பகுதிகளில் பகிர்ந்து தாங்கச் செய்வதே வாரின் வேலை. இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை வாரை, சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959ஆம் ஆண்டில் உருவாக்கினார்.

சட்டம் வந்த வழி

நம் நாட்டில் மோட்டார் காரின் முன்னிருக்கையில் இருப்போர் வார் அணிவது 1979இல் கட்டாயமாயிற்று. பின்னிருக்கையில் இருப்போருக்கு அது 1-1-2009 முதல் கட்டாயமாயிற்று. சொந்தக் கார்களில் குழந்தைகளுக்குரிய தனி இருக்கை 2020ஆம் ஆண்டிலிருந்து வேண்டப்படுகின்றது. 1-7-2025 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் ஓட்டுநரும் பயணிகளும் வார் அணிய வேண்டும் என்னும் விதி நடப்புக்கு வந்தது. பள்ளிப் பேருந்து இவ்வரிசையில் சேரவில்லை.

அவ்விதி நடப்புக்கு வருவதற்கு மூன்று வாரங்களுக்கு முன், 9-6-2025 அன்று, பேராக்கின் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கார் ஒன்றுடன் மோதிக் கவிழ்ந்தது. திரெங்கானு மாநிலத்தின் ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிம் நோக்கி வந்துகொண்டிருந்த அதில், சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டனர். 1922ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது. பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியவர்களையும் நாம் சாலையில் இழந்தோம். அதற்கு முன்னர், 13-8-2007 அன்று புக்கிட் கந்தாங் அருகே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நிகழ்ந்த விரைவுப் பேருந்து விபத்தில் 22 பேர் உயிரிழந்தனர். பெரிய வாகனம் என்பதால் மட்டும் பேருந்து பாதுகாப்பானதாகிவிடாது என்பதை இவ்விரு துயரங்களும் நமக்கு உணர்த்துகின்றன.

பிற நாடுகளில்

பிரிட்டனில் 1993ஆம் ஆண்டு நெடுஞ்சாலை விபத்தொன்றில் 12 மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியையும் இறந்தனர். அதன்பின் மக்கள் எழுப்பிய குரலின் பயனாக, பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சிற்றுந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் வார் பொருத்துவது 1997இல் கட்டாயமாக்கப்பட்டது.

அமெரிக்கா வேறொரு வழியைக் கையாண்டது. 1977 முதல் அங்குள்ள பெரிய பள்ளிப் பேருந்துகளில், உயர்ந்த முதுகும் பஞ்சு மெத்தையும் உடைய இருக்கைகள் நெருக்கமாக அமைக்கப்படுகின்றன. முன்னே சாயும் பிள்ளையை முன் இருக்கையின் மெத்தை தாங்கிக்கொள்ளும். நேர் மோதலில் இம்முறை நன்கு பயன்படுகின்றது. ஆயினும் பேருந்து கவிழும்போதும், பக்கவாட்டில் மோதப்படும்போதும் இது போதவில்லை. ஆகவே கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் வாரையும் கட்டாயமாக்கின. முதுகு தாழ்ந்து, மேலே வெறும் இரும்புக் குழாய் ஓடும் பழைய இருக்கைகளில், மெத்தையும் இல்லை. வாரும் இல்லை என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

வார் மட்டும் போதுமா?

வார் நல்லது. ஆனால் அதைப் பொருத்துவதற்கு முன் நான்கு செய்திகளை ஆராய வேண்டும்.

முதலாவது, வார் எதனோடு பிணைக்கப்படுகின்றது என்பது. துருப்பிடித்த தரையில் திருகப்பட்ட இருக்கை, மோதலின்போது வாரோடும் பிள்ளையோடும் பெயர்ந்து வரும். தமிழ்நாட்டில், 2012ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சென்னையை அடுத்த தாம்பரம் வட்டாரத்தில், பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி மாண்டாள். அதன்பின் அவ்வாண்டிலேயே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் அங்கு வகுக்கப்பட்டன. தரையே உறுதியாக இல்லாத வண்டியில் வார் என்ன செய்யும்?

இரண்டாவது, இடம். ஒரு வார் ஒரு பிள்ளைக்கே உரியது. இருவரை ஒரே வாரில் பிணைத்தல் ஆகாது. மோதலில் ஒருவர் மற்றவரை நசுக்கிவிடுவர். இருவர் அமரும் இருக்கையில் மூவரை நெருக்கி ஏற்றும் வழக்கம் நீடிக்கும் வரை வாருக்கு அங்கு இடமில்லை.

மூன்றாவது, அணியும் முறை. வார் வயிற்றின் மேல் கிடந்தால் உள்ளுறுப்புகளுக்குத் தீங்கு நேரும். இடுப்பெலும்பின் மீது தாழ்வாகவும் இறுக்கமாகவும் அது அமைதல் வேண்டும். சிறு பிள்ளைகள் தாமாக இதனைச் செய்யமாட்டார்கள். பார்த்துக் கட்டிவிடவும், ஆபத்து நேரின் விரைந்து கழற்றிவிடவும் பேருந்தில் ஓர் உதவியாளர் இருத்தல் வேண்டும்.

நான்காவது, செலவு. வார், புதிய இருக்கை, உதவியாளர் ஆகிய அனைத்தும் மாதக் கட்டணத்தில் வந்து சேரும். கட்டணம் உயர்ந்தால் சில பெற்றோர் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்வர். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. வார் வேண்டுமென்று பேருந்தைக் கைவிட்டு மோட்டார் சைக்கிளை நாடுவது, ஒழுகும் கூரைக்கு அஞ்சி மழையில் போய் நிற்பது போன்றதாகும். ஆகவே இச்செலவைப் பெற்றோர் தலையில் மட்டும் சுமத்துதல் முறையன்று. அதில் அரசும் பங்கு கொள்ள வேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானதே.

பேருந்துக்கு வெளியே

வாரினால் தீராத ஆபத்து ஒன்று உண்டு. பள்ளிப் பேருந்தைச் சார்ந்த விபத்துகளில் பல, பிள்ளை ஏறும்போதும் இறங்கும்போதும் சாலையைக் கடக்கும்போதும் நேர்கின்றன.

நான் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், பள்ளி வாசலில் ஒரு நாள், வண்டியிலிருந்து இறங்கிய சிறுவன் ஒருவனின் தண்ணீர்ப் புட்டி உருண்டு வண்டியின் பின்புறம் சென்றது. அவன் அதைத் தேடிக் குனிந்தான். அதனை அறியாத ஓட்டுநர் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தத் தொடங்கினார். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கூச்சலிட்டதால் வண்டி நின்றது, சிறுவன் பிழைத்தான். ஓட்டுநர் நல்லவர், கவனமுள்ளவரும்கூட. ஆயினும் குனிந்த பிள்ளை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்று அவனைக் காத்தது இன்னொரு குழந்தையின் குரலே.

பெற்றோர் செய்யத்தக்கவை

1. பேருந்து வரும் வரை பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் நிற்க ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோர் காட்டில் இருக்கும் வேளையில், ஓய்வு பெற்ற தாத்தாவோ பாட்டியோ முறைவைத்து இதனைச் செய்யலாம்.

2. சாலை விளிம்பிலிருந்து மூன்று பெரிய எட்டுகள் தள்ளி நிற்கவும், பேருந்து முற்றாக நின்றபின் ஏறவும் பழக்குங்கள்.

3. இறங்கியவுடன் பேருந்தின் முன்னோ பின்னோ ஓடாமல், அது அகன்றபின் இருபுறமும் நோக்கிச் சாலையைக் கடக்கக் கற்பியுங்கள். கீழே விழுந்த பொருளைத் தானே எடுக்காமல் பெரியவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

4. வாரம் ஒரு முறையேனும் பேருந்தின் உள்ளே பாருங்கள். தரை, இருக்கை, அவசரக் கதவு, சக்கரத்தின் தேய்மானம் ஆகியவற்றைக் கவனியுங்கள். வாணிப வாகனங்கள் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை சோதனைக்குச் செல்ல வேண்டும். அச்சோதனை எப்போது நடந்தது என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

5. கூடுதலாகப் பிள்ளைகளை ஏற்றினால், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக ஓட்டுநரிடம் பேசுங்கள். பயனில்லையாயின் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

6. வார் உள்ள வண்டியாயின், அதை அணியாமல் அமரலாகாது என்பதை வீட்டுக் கட்டளையாக்குங்கள். தந்தை தம் காரில் அணிந்தால் பிள்ளையும் அணியும்.

முடிவுரை

பள்ளிப் பேருந்தில் வார் வேண்டும் என்பதே முறையான விடை. ஆனால் உறுதியான தரை, ஒரு பிள்ளைக்கு ஓர் இருக்கை, பொறுப்புள்ள உதவியாளர், மிதமான வேகம் ஆகிய நான்கும் அதனோடு சேர்ந்து வர வேண்டும். இவற்றுள் வேகத்தையும் நெருக்கடியையும் குறைக்கப் புதிய சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலேயே தொடங்கலாம். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை.

சிந்தித்து விடை காண்க

1. உங்கள் பிள்ளையின் பேருந்தில் எத்தனை இருக்கைகள் உள்ளன? எத்தனை பிள்ளைகள் பயணம் செய்கின்றனர்?

2. காலையில் அவர்கள் காத்திருக்கும் இடத்தில் விளக்கு உண்டா? உடன் நிற்பவர் யார்?