காரில் கடகட சத்தமா? ஆடாசிட்டி மூலம் தேடிப் பிடியுங்கள்!

கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் கீழே எங்கோ ‘கடக்’ என்று ஒரு சத்தம். மெக்கானிக்கிடம் கொண்டு போனால் அன்று பார்த்துச் சத்தம் வராது. ‘ஷாக் அப்சார்பர் போயிருக்கும் சார், மாற்றிப் பார்க்கலாம்’ என்பார். மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருக்கும். அடுத்து லிங்க் ராடு, அதற்கடுத்து லோயர் ஆர்ம் என்று செலவு கூடும். சத்தம் போகாது.

இந்தத் தொல்லையைத் தீர்க்க உங்கள் செல்போனும் வீட்டுக் கம்ப்யூட்டரும் பெரிதும் உதவும். புரோகிராமில் பிழை தேடும் அதே வழிதான். முதலில் பிழையை நம் விருப்பப்படி வரவழைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, சந்தேகப் பட்டியலைப் பாதி பாதியாகக் குறைக்க வேண்டும். அதன் பிறகுதான் பாகத்தை மாற்ற வேண்டும்.

காது ஏன் ஏமாறுகிறது?

காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் செல்லும். இரும்பில் அதே ஒலி 5000 மீட்டருக்கு மேல் செல்லும். காரின் உடல் முழுவதும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்ட தகடுதான். முன் இடது சக்கரத்தில் விழும் அடி தகடு வழியே ஓடி, டேஷ்போர்டிலோ கதவிலோ அதிர்ந்து வெளிவரும். அதனால் நம் காதுக்கு அது வேறு இடத்திலிருந்து வருவதாகத் தோன்றும். ‘வலது பக்கம்தான் சத்தம்’ என்று சொல்பவரின் காரில் இடது பக்கப் பாகம் தேய்ந்திருப்பது இதனால்தான்.

முதலில் காரைக் காலி செய்யுங்கள்

சஸ்பென்ஷனைச் சந்தேகிக்கும் முன் டிக்கியில் உள்ள ஜாக்கி, ஸ்பானர், தண்ணீர் பாட்டில் அனைத்தையும் வெளியே எடுங்கள். ஸ்டெப்னியை இறுக்குங்கள். பின் சீட் பெல்ட்டின் பக்கிள்களை மாட்டி வையுங்கள். நம்பர் பிளேட்டைத் தட்டிப் பாருங்கள். சைலன்சர் குளிர்ந்த பிறகு அதன் மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடு ஆடுகிறதா என்று பாருங்கள். வீல் நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்பதையும் உறுதி செய்யுங்கள். பல ‘சஸ்பென்ஷன்’ சத்தங்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

ஒலிப்பதிவு செய்வது எப்படி?

போனில் உள்ள ரெக்கார்டர் அப்ளிகேஷனின் செட்டிங்ஸில் வேவ் வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பல போன்கள் எம்4ஏ வடிவில் பதியும். அதை ஆடாசிட்டியில் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற லைப்ரரியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அது பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு, நமக்குத் தேவையான சத்தத்தை அழித்துவிடும்.

போனை ஒரு துண்டில் சுற்றி, மைக் மட்டும் வெளியே தெரியுமாறு, முன் சீட்டுகளுக்கு நடுவே தரையில் வையுங்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியையும் ஃபேனையும் நிறுத்துங்கள். ஓட்டுபவர் போனைத் தொடக் கூடாது. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து அதைக் கவனிக்கட்டும். ஆள் நடமாட்டம் இல்லாத மைதானம், ஒரு வேகத்தடை, ஒரு அங்குலத் தடிமனுள்ள ஆணி இல்லாத பலகை ஆகியவை போதும்.

நான்கு சோதனைகள்

1. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில், இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒன்றாக ஏறும்படி வேகத்தடையைக் கடக்கவும்.
2. இடது பக்கச் சக்கரங்கள் மட்டும் பலகை மேல் ஏறி இறங்கட்டும்.
3. வலது பக்கச் சக்கரங்கள் மட்டும் ஏறி இறங்கட்டும்.
4. எஞ்சினை ஓடவிட்டு, நின்ற நிலையில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பவும்.

ஒவ்வொன்றையும் 3 முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ‘சோதனை 2, இடது’ என்று வாயால் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பிறகு கம்ப்யூட்டரில் கேட்கும்போது குழப்பம் வராது.

ஆடாசிட்டியில் பார்ப்போம்

ஆடாசிட்டி 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியான இலவச சாஃப்ட்வேர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். பதிவு செய்த ஃபைலை அதன் விண்டோவில் இழுத்து விடுங்கள். டிராக்கின் பெயருக்கு அருகில் உள்ள மெனுவைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் இடம் சற்று மாறலாம்.

இப்போது திரையில் இடமிருந்து வலமாக நேரமும், கீழிருந்து மேலாக அதிர்வெண்ணும் தெரியும். பிரகாசமான இடத்தில் ஒலி அதிகம். ‘கடக்’ என்ற அடி, மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும். ‘க்ரீச்’ என்ற உராய்வு, சற்று நீண்டு வளையும் கோடுகளாகத் தெரியும். சக்கர பேரிங்கின் ‘ஊம்’ ஒலி, தொடர்ந்து ஓடும் கிடைமட்டப் பட்டையாக இருக்கும். கண்ட்ரோல் விசையுடன் 1ஐ அழுத்தினால் படம் பெரிதாகும், 3ஐ அழுத்தினால் சிறிதாகும்.

முன்னா, பின்னா?

சோதனை 1ன் பதிவைப் பாருங்கள். 2018ல் இந்தியாவில் வந்த ஸ்விஃப்ட் காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2450 மி.மீ. மணிக்கு 10 கி.மீ. என்பது வினாடிக்கு 2.78 மீட்டர். எனவே முன் சக்கரம் வேகத்தடையைத் தொட்டு 0.88 வினாடி கழித்துப் பின் சக்கரம் தொடும். பதிவில் இரண்டு ‘தொம்’ ஒலிகள் இந்த இடைவெளியில் தெரியும். உங்கள் ‘கடக்’ முதல் ‘தொம்’முடன் வந்தால் கோளாறு முன்பக்கம். இரண்டாவதுடன் வந்தால் பின்பக்கம். உங்கள் காருக்கான தூரம் அதன் கையேட்டில் இருக்கும்.

இடதா, வலதா?

சோதனை 2, 3 இரண்டையும் ஒப்பிடுங்கள். இடது பலகையில் மட்டும் வந்தால் இடது பக்கம். இதற்குள் நான்கு மூலைகளில் ஒன்று சிக்கிவிடும்.

இன்னொரு தடயமும் உண்டு. ஸ்டெபிலைசர் பார் என்பது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி. இரண்டும் ஒன்றாக ஏறினால் அது சுழலும், அவ்வளவாக முறுக்கப்படாது. ஒரு பக்கம் மட்டும் ஏறினால்தான் முறுக்கப்படும், அதன் லிங்க் ராடுகளில் விசை விழும். எனவே வேகத்தடையில் அமைதியாக இருந்து, ஒரு பக்கப் பலகையில் மட்டும் கடகடத்தால் முதல் சந்தேகம் லிங்க் ராடும் அதன் புஷ்ஷும்தான்.

சக்கரமா, சாலையா?

சமதளச் சாலையில் சத்தம் வந்தால் 40 கி.மீ. வேகத்தில் பதிவு செய்து, அடுத்தடுத்த கோடுகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். 165/80 ஆர்14 டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 40 கி.மீ. வேகத்தில் அது வினாடிக்கு 5.7 முறை சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 0.175 வினாடி. கோடுகள் இந்த இடைவெளியில் ஒழுங்காக வந்து, 20 கி.மீ.யில் 0.35 வினாடியாக மாறினால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. டயரில் சிக்கிய கல்லாகக்கூட இருக்கலாம். கோடுகள் ஒழுங்கின்றி, குழி வரும்போது மட்டும் வந்தால் சஸ்பென்ஷன்.

சத்தமும் சந்தேகமும்

* நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டொய்ங்’ அல்லது ‘டக்’: ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங், சுருள் ஸ்பிரிங்.
* பிரேக் பிடிக்கும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஒரே ஒரு ‘டக்’: லோயர் ஆர்ம் புஷ், பிரேக் பேட்.
* மெதுவாக ஏறி இறங்கும்போது ‘க்ரீச்’: ரப்பர் புஷ். சந்தேகமான புஷ்ஷில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சற்று நேரம் நின்றால் ஆள் அகப்பட்டார். எஞ்சின் ஆயிலைத் தடவாதீர்கள், ரப்பர் கெட்டுவிடும்.
* முழுவதும் திருப்பி ஓட்டும்போது ‘டிக் டிக் டிக்’: ஆக்ஸிலின் சி.வி. ஜாயிண்ட். இது சஸ்பென்ஷனைச் சேர்ந்தது அல்ல.

கையால் உறுதி செய்யுங்கள்

எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நண்பரை அந்த மூலையை மேலும் கீழும் அழுத்தச் சொல்லுங்கள். சக்கரத்தின் பின்னால் கைவிட்டு லிங்க் ராடு முனையைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்த மூட்டு விரலில் ‘டிக்’ என்று தெரியும். ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

எச்சரிக்கை

லிங்க் ராடு தேய்ந்தால் பெரும்பாலும் தொல்லை சத்தம்தான். பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் ஆகியவை அப்படியல்ல. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். டை ராடு எண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. சத்தத்துடன் ஸ்டீயரிங்கில் ஆட்டமும் இருந்தால், அல்லது கார் ஒரு பக்கம் இழுத்தால், பதிவு செய்வதை விட்டுவிட்டு உடனே மெக்கானிக்கை வரவழையுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது

‘ஏதோ சத்தம் வருகிறது’ என்று சொல்லாதீர்கள். ‘முன் இடது, ஒரு பக்கம் ஏறினால் மட்டும் வருகிறது, மூன்று முறையும் வந்தது’ என்று சொல்லிப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக்குக் கண்டுபிடிக்க இதுவே பாதி வேலை. பாகத்தை மாற்றிய பின் அதே இடம், அதே வேகம், அதே டயர் காற்றழுத்தத்தில் மீண்டும் பதிவு செய்து, பழைய டிராக்குக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அந்தச் செங்குத்துக் கோடு மறைந்திருந்தால் கொடுத்த பணம் சரியான பாகத்துக்குத்தான் போயிருக்கிறது. பழைய பதிவுகளை அழிக்காதீர்கள். அடுத்த முறை சத்தம் வரும்போது ஒப்பிட உதவும்.