அப்ஸ்ட்ராக்ட் எழுதப் போறீங்களா? தமிழ் வழியில் படித்தவர்களுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ்

பன்னிரண்டாம் வகுப்பு வரை ‘விசை’, ‘முடுக்கம்’ என்று படித்துவிட்டு, முதல் செமஸ்டரில் ‘ஃபோர்ஸ்’, ‘ஆக்சிலரேஷன்’ முன்னால் வந்து உட்கார்ந்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, ராதாபுரம்னு பஸ் ஏறி வர்ற நிறைய பேருக்குப் பாடம் புரியுது, லேபில் சர்க்யூட் ஓடுது. ஆனால் ஃபைனல் இயரில் 200 வார்த்தையில் அப்ஸ்ட்ராக்ட் கொடு என்றதும் கை நின்றுவிடுகிறது. அப்புறம் சீனியரோட ரிப்போர்ட்டோ ஏஐயோ எழுதிக் கொடுக்கும். வைவாவில் எக்ஸ்டர்னல் “இந்த ரெண்டாவது வரிக்கு என்னப்பா அர்த்தம்?” என்று கேட்டால், நாலு மாசம் நீங்களே ராத்திரி பகலா செய்த வேலை உங்களுடையது இல்லாத மாதிரி ஆகிவிடும். மார்க்கைவிட எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகத் தெரியுது.

வளர்ந்த பிறகு அந்நிய மொழியைக் கற்பது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. என்ன, அப்போ திசை மாறியிருந்தது. 1838-ல் 23 வயதில் சென்னைக்கு வந்த கால்டுவெல், பிறகு இடையன்குடியில் தங்கி, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். சாயர்புரத்தில் இருந்த ஜி.யு. போப் 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இரண்டு பேரும் தமிழை முதல் எழுத்திலிருந்து கற்றவர்கள். கால்டுவெல் புத்தகத்தில் நமக்கு உதவுகிற சங்கதி ஒன்று உண்டு: தமிழும் அதன் உறவு மொழிகளும் வேறு குடும்பம். நம் வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். இங்கிலீஷ் அப்படி இல்லை. நாம செய்ற பிழைகளில் பாதி இந்த வித்தியாசத்தில் பிறப்பவை. மூளைக் குறைவு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

“ஆற்றில் தண்ணீர் எடுத்து, வடிகட்டி, பிஎச் பார்த்து, அட்டவணையில் பதிந்தோம்.” தமிழில் இது ஒரே வாக்கியம், நல்லாவும் இருக்கு. எடுத்து, வடிகட்டி, பார்த்து எல்லாம் வினையெச்சம். கடைசியில் வரும் ‘பதிந்தோம்’ மொத்தத்தையும் தாங்கிக்கொள்ளும். இதை அப்படியே மாற்றினால் ‘டேக்கிங்’, ‘ஃபில்டரிங்’, ‘சீயிங்’ என்று வரிசைகட்டி நின்று, யார் எதைச் செய்தார்கள் என்றே தெரியாது. உடைத்துப் போடுங்க: “வி கலெக்டட் வாட்டர் ஃப்ரம் தி ரிவர். வி ஃபில்டர்ட் இட் அண்ட் மெஷர்ட் தி பிஎச். தி வேல்யூஸ் ஆர் கிவன் இன் டேபிள் 2.” சின்னப்பிள்ளை எழுதின மாதிரி இருக்கேன்னு தோணும். இருக்கட்டுமே. டெக்னிக்கல் ரிப்போர்ட்டுக்கு இந்த நடைதான் பொருத்தம்.

அடுத்து ‘எ’, ‘தி’. “ஒரு மோட்டார் வாங்கினோம். அந்த மோட்டார் சூடானது.” ‘ஒரு’ வருகிற இடத்தில் ‘எ’, மனசுக்குள் ‘அந்த’ போட்டால் பொருந்துகிற இடத்தில் ‘தி’. எல்லா இடத்துக்கும் இது உதவாது, ஆனால் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் காப்பாற்றும். ஆற்றின் பெயருக்கு முன் ‘தி’ வரும், ஊர்ப் பெயருக்கு வராது: ‘தி தாமிரபரணி’ சரி, ‘தி திருநெல்வேலி’ தப்பு.

ரெஸ்யூமில் அடிக்கடி பார்ப்பது: “ஐ ஹேட் கம்ப்ளீட்டட் மை டிப்ளமா இன் 2022.” ‘ஹேட்’ தேவையில்லை. மழை வருமுன்பே சென்சாரை மாட்டியிருந்தோம் என்பது போல, நடந்து முடிந்த ஒன்றுக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லத்தான் அது. வருஷத்தை மட்டும் சொன்னால் “ஐ கம்ப்ளீட்டட்” போதும். “டிஸ்கஸ் அபவுட்” என்பதில் ‘அபவுட்’டையும் வெட்டிவிடுங்க, அது நம்ம ‘பற்றி’ செய்த வேலை.

சரி, எழுதிப் பழகுவது எப்படி? பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் ஒரு வழி சொல்கிறார். ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் பிடித்த கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு எடுத்து, சில நாள் கழித்துக் குறிப்பை மட்டும் வைத்து மறுபடி எழுதி, மூலத்தோடு ஒப்பிடுவாராம். நாம குறிப்பைத் தமிழில் எடுப்போம். முதலில் உங்கள் டெக்ஸ்ட்புக்கிலேயே ஒரு பத்தி போதும், விஷயம் ஏற்கனவே தெரியும் என்பதால் மொழியை மட்டும் கவனிக்கலாம். மூன்று நாள் கழித்து எழுதுங்க, ஒப்பிடுங்க. எங்கே வேறுபடுதோ அங்கேதான் உங்களுக்கான இலக்கணப் பாடம் இருக்கு.

மூலம் இல்லாமல் எழுத, தெரிந்த ஊரையே எடுங்க. ‘1843, நெல்லை–பாளை, சுலோச்சன முதலியார், சொந்தப் பணம், ஆற்றுப் பாலம்.’ இந்தக் குறிப்பை வைத்து ஐந்து வாக்கியம். ‘பில்ட்’ எங்கே, ‘வாஸ் பில்ட்’ எங்கே என்று அப்போதான் யோசிக்க வேண்டிவரும்.

புத்தகம் என்றால் ரேமண்ட் மர்ஃபி. ரொம்பத் தடுமாறுகிறவர்கள் சிவப்பு அட்டை ‘எசென்ஷியல்’, மற்றவர்கள் நீல அட்டை. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. ஒரு நாளைக்கு ஒரு யூனிட். ரென் அண்ட் மார்ட்டின் வீட்டில் இருந்தால் சந்தேகம் பார்க்க வைத்துக்கொள்ளுங்க, அதில் ஆரம்பித்தால் தூக்கம்தான் வரும். வாசிக்க சிம்பிள் இங்கிலீஷ் விக்கிப்பீடியா. கேட்க பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’, ஸ்க்ரிப்டும் கூடவே கிடைக்கும், வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் ஒன்று முடிந்துவிடும்.

ஏஐயை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் முதல் டிராஃப்ட் உங்க கையால்தான் வரணும். அதைக் கொடுத்து, “திருத்தி எழுதாதே, எந்த வரியில் பிழை, ஏன் என்று மட்டும் சொல்” என்று கேளுங்க. தமிழிலேயே கேட்கலாம். பதிலைப் பார்த்துத் திருத்துவது நீங்க.