பந்தியில் விட்ட இடம்

திண்டிவனம்

அன்புள்ள மருமகனே,

உன் அம்மா நேற்று ராத்திரி போனில் எல்லாம் சொன்னாள். அவள் மேல் கோபப்படாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கு உங்கப்பாவை வரச் சொல்லியிருந்தார்களாமே. இருளர் வீட்டுப் பையன் ஒருத்தனை நாலைந்து பேர் சேர்ந்து ‘எலி, எலி’ என்று கூப்பிட்டு, அவன் பையை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். “நான் ஒண்ணும் பண்ணலை, சிரிச்சேன், அவ்வளவுதான்” என்றாயாம்.

அந்த ‘அவ்வளவுதா’னைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளை வாத்தியார்கள் பெஞ்சில் பார்ப்பார்கள். சத்துணவு அமைப்பாளரான நான் பந்தியில் பார்த்தவள். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும். ஒரு வருஷம், செங்கல் சூளையில் வேலை செய்த இருளர் குடும்பத்துப் பெண் குழந்தை ஒருத்தி மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள் பெரிய வகுப்புப் பிள்ளை ஒருத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். மறுநாள் அந்த வரிசையே தள்ளியது. கேட்டிருந்தால் ஒவ்வொருத்தியும் ‘நான் ஒண்ணும் பண்ணலையே’ என்றுதான் சொல்லியிருப்பாள். நானும்தான் முட்டைக் கணக்கு எழுதிக்கொண்டு சும்மா இருந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இரண்டு வாரம் கழித்து நாலாம் வகுப்புக்காரி ஒருத்தி தாமதமாக வந்தாள். வேறு இடமில்லை. அந்தக் காலி இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். புரட்சி எல்லாம் இல்லை, பசி. மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தாள். மாசம் முடிவதற்குள் அந்த இடைவெளி எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

உன் அத்தை மகள் பி.எட். பாடத்தில் படித்ததாக ஒன்று சொன்னாள். 1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்பவர் கோடுகளை வரைந்து காட்டி ஒரு சோதனை செய்தாராம். கூட இருந்தவர்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு தப்பான கோட்டைச் சரியென்றால், கண்ணெதிரே பார்த்தவனும் மூன்றில் ஒரு தடவை ஆமாம் போட்டானாம். அவர்களில் ஒரே ஒருத்தன் உண்மையைச் சொன்னதும் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதாம். இதற்கு அமெரிக்கா வரை போயிருக்க வேண்டாம்.

‘எலி’ என்ற பேர் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். இருளர்கள் வயலில் எலி பிடிப்பவர்கள். உன் தாத்தா அறுப்புக்கு முன்னால் அவர்களைத்தான் தேடிப் போவார். பாம்புக்கடி மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பது 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம். 2023-இல் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ வாங்கினார்கள். வாங்காவிட்டாலும் அந்தப் பையன் எலி இல்லைதான். இருளர் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்காக இங்கே பேராசிரியர் பிரபா கல்விமணி வருஷக்கணக்கில் போராடியிருக்கிறார். அந்தக் காகிதம் கிடைக்காமலே படிப்பை விட்டவர்கள் உண்டு. இதையெல்லாம் தாண்டி ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவனின் பையைத்தான் ஒளித்து வைத்தீர்கள்.

கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டியிருக்கிறாயாம், ‘எல்லாரும் கட்டுறாங்க’ என்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே சாதியின் பேரில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுத்த தங்கையையும். அதன்பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, பள்ளியில் இந்தக் கயிறே வேண்டாம் என்று 2024-இல் சொன்னது. கழற்றிவிடு.

சிநேகிதர்களை விட்டுவிடு என்று சொல்லவில்லை. கிரிக்கெட்டுக்குப் போ. அந்தப் பேர் வரும்போது மட்டும் சிரிக்காதே. ‘இவரு பெரிய காந்தி’ என்பார்கள், காது சுடும், ஒரு வாரம் தாங்கு. எல்லார் முன்னாலும் போய் மன்னிப்புக் கேட்டு அவனை இன்னொரு தடவை கூசவைக்காதே. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார், போதும்.

அவன் பேர் என்ன என்று உன் அம்மாவைக் கேட்டேன். அவளுக்கும் ‘எலி’ என்றுதான் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நீ சொல்லு.

இப்படிக்கு,
அத்தை