ஓட்டுப் போட்டு ஒரு பச்சை

பிரிட்டனில் பழைய நீராவி இன்ஜினுக்கு என்ன நிறம் பூசலாம் என்று, நன்கொடை வாங்கிக்கொண்டு ஓட்டெடுப்பு நடத்துகிறார்களாமே! பணக்காரர் கேட்ட நிறம்தானே ஜெயிக்கும்?
– வாசகி, கரூர்

ஆமாம், ஒரு பவுண்டுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால் அப்படித்தான். நம் ஊரில் ஓட்டுக்குப் பணம் கொடுப்பார்கள். அங்கே ஓட்டுப் போடுபவரே கொடுக்கிறார். தோற்ற நிறத்துக்கு விழுந்த காசும் கொதிகலன் செலவுக்குத்தான் போகும். இன்ஜினைப் பராமரிக்கும் சங்கத்துக்கு எப்படியும் லாபம்!

அதற்காக மயில் கழுத்து நிறமெல்லாம் கேட்க முடியாது. இன்ஜின் ஓடிய காலத்து நிறங்கள்தான் பெரும்பாலும் போட்டியில் நிற்கும். அதிலும் சிக்கல் உண்டு. 1923-இல் வந்த ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ இன்ஜின் என்றாலே பலருக்கு ஆப்பிள் பச்சைதான். ஆனால் இன்று அதில் இருக்கும் இரட்டைப் புகைபோக்கியும் புகை விலக்கும் தகடுகளும் பின்னால் வந்த பிரிட்டிஷ் ரயில்வே காலத்தவை. அதனால் 2016-இல் அந்தக் காலத்துக் கரும்பச்சையிலேயே ஓட விட்டார்கள். அது ஓட்டெடுப்பு அல்ல, இன்ஜினை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் முடிவு. ரசிகர்கள் முணுமுணுக்காமல் இல்லை.

தோற்றவர்களுக்கும் வழி உண்டு. பெயின்ட் நிரந்தரமல்லவே! 2008-இல் புதிதாகவே கட்டி முடித்த ‘டொர்னேடோ’ இன்ஜின் ஆப்பிள் பச்சை, கரும்பச்சை என்று மாறி 2012-இல் நீலத்துக்கு வந்தது. நீங்கள் விரும்பும் நிறம் இந்த முறை தோற்றால், அடுத்த பெயின்ட் வரை பவுண்டைச் சேர்த்து வையுங்கள்.