தறி வேண்டாம், சட்டம் வேண்டாம்: மணிப் பின்னலின் நான்கு அடிப்படைத் தையல்கள்

மலாக்காவில் மணி வேலை என்றதும் நியோன்யா பெண்களின் 'காசுட் மானேக்' காலணிதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். மரச்சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, பொடி மணிகளை ஒவ்வொன்றாகத் தைத்துப் பூவும் பறவையுமாக வரவைக்கும் வேலை அது. நான் பழகியதும், இப்போது உம்பாயில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் வேறு வகை. இதற்குத் தறி, சட்டம், அடித்துணி எதுவும் தேவையில்லை. மணிகளே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணியாகிவிடும்.

நமக்கு இது அந்நியமான கலை இல்லை. பிளாஸ்டிக் முத்தில் கைப்பையும் வாசல் திரையும் பின்னிய அம்மாக்களைப் பலர் பார்த்திருப்போம். நைலான் நரம்பின் இரு முனைகளையும் ஒரே முத்துக்குள் எதிரெதிராக விட்டு இழுப்பார்கள். சரவாக்கின் இபான் பெண்கள் தோளில் அணியும் 'மாரிக் எம்பாங்' மணிவலையும், குஜராத்தின் சௌராஷ்டிரத்தில் வாசலுக்குக் கட்டும் 'மோதி பரத்' தோரணமும் இதே குடும்பம்தான். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் கண்ணாடிக் குழலை இழுத்து நறுக்கிச் செய்த சிறுமணிகள் கடல் தாண்டிப் போயின. அந்த வகை மணியைச் செய்த பழைய இடங்கள் கெடாவின் சுங்கை மாஸிலும் பேராக்கின் கோலா செலின்சிங்கிலும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

இத்தனை காலப் பழக்கத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: கண் மணியின் மேல் இருக்கக் கூடாது, நூல் போகும் வழியின் மேல் இருக்க வேண்டும். நூலின் வழி பிடிபட்டுவிட்டால் எந்தப் படத்தைப் பார்த்தும் பின்னிவிடலாம்.

வாங்க வேண்டியவை

மணியின் அளவு எண் கூடக் கூட மணி சிறுக்கும். 11 எண் மணி சுமார் 2 மில்லிமீட்டர், 8 எண் சுமார் 3, 6 எண் சுமார் 4. பழகுகிறவர்கள் 8 எண்ணில் தொடங்குங்கள். ஜப்பானின் மியூக்கி, தோஹோ மணிகள் விலை கூடியவை. ஆனால் ஒரே அளவாக இருப்பதால் வரிசை கோணாது. மலிவு மணியில் பழகுவதானால் முதலில் ஒரு தட்டில் கொட்டி, மெலிந்ததையும் பருத்ததையும் பொறுக்கி ஒதுக்கிவிடுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் சாயமேற்றிய மணி நிற்காது. வாங்கியதும் இரண்டு மணியை எடுத்து, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சால் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால், அந்த மணியைக் கழுத்திலும் கையிலும் போடும் நகைக்கு எடுக்காதீர்கள்.

பருத்தி நூல் கண்ணாடி விளிம்பில் உரசி அறுந்துவிடும், ஈரத்திலும் இற்றுப்போகும். நைலான் நூல் நல்லது. அதைவிட உறுதியானது ஃபயர்லைன். மீன் பிடிக்கச் செய்த தூண்டில் நரம்பு அது. இழுத்தால் நீளாது என்பதால் மணி பின்னுகிறவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஊசி 10 எண் போதும். ஒரு தடவைக்கு ஒன்றரை மீட்டர் நூலுக்கு மேல் எடுத்தால் சிக்கும். மணியைத் துண்டுத் துணியின் மேல் பரப்பிக்கொண்டால் உருண்டோடாது.

பெயோட்: முதலில் இதுதான்

சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று 12 மணி கோத்துக்கொள்ளுங்கள். முதல் மணிக்கு முன்னால் வேறு நிற மணி ஒன்றை இருமுறை சுற்றி நிறுத்தினால் மற்றவை நழுவாது. தொடக்கத்தில் ஒரு சாண் நூல் தொங்கட்டும்.

இப்போது ஒரு வெள்ளை மணி எடுத்து, கடைசி மணியை விட்டுவிட்டு 11ஆவதுக்குள் ஊசியை விடுங்கள். அடுத்த வெள்ளை, 10ஐ விட்டு 9க்குள். இப்படியே 7, 5, 3, 1. ஆறு மணி சேர்ந்திருக்கும். முதலில் கோத்த 12ம் இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கும். அடுத்த வரிசையில், துருத்திக்கொண்டு நிற்கும் வெள்ளைகளுக்குள் நுழைந்து சிவப்பைச் சேருங்கள். சிவப்புக்குள் நுழைந்தால் வெள்ளை எடுக்க வேண்டும், வெள்ளைக்குள் நுழைந்தால் சிவப்பு. இந்த விதி தவறினால் கோடு உடைந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் புதியவர்களுக்கு நான் ஒரே நிற மணியைக் கொடுப்பதில்லை.

மூன்றாவது வரிசையில் பின்னல் முறுக்கிக்கொண்டு நெளியும். பலர் பிரித்துப் போடுவது இங்கேதான். பிரிக்காதீர்கள். இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து இன்னும் இரண்டு வரிசை போடுங்கள், தானாக நிமிர்ந்துவிடும்.

பிரிக்: தொங்கட்டானுக்கு

முடிந்த பின்னலைப் பார்த்தால் பெயோட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தது போலவே இருக்கும், நூலின் வழிதான் வேறு. முதலில் மணிகளை அருகருகே நிற்க வைத்து ஏணி போல ஒரு வரிசை கட்ட வேண்டும். இரு மணிகளுக்கு நடுவே மேலே தெரியும் நூல்தான் பாலம். புது மணியைக் கோத்து, ஊசியைப் பாலத்துக்கு அடியில் கொடுத்து, அதே மணி வழியாக மேலே திரும்ப வேண்டும். வரிசையின் தொடக்கத்தில் மட்டும் இரண்டு மணி. முதல் பாலத்தை விட்டு இரண்டாவது பாலத்தில் தொடங்கினால் வரிசைக்கு ஒரு மணி குறைந்து முக்கோணம் வரும். காதுத் தொங்கட்டானுக்கு இதைவிட எளிய வழி இல்லை.

ஸ்குவேர்: எழுத்துக்கும் கோலத்துக்கும்

இதில் மணிகள் தறியில் நெய்தது போல நேர் நேராக அடுக்கி நிற்கும். புது மணியைக் கோத்து, அதற்கு நேர்கீழே உள்ள மணிக்குள் சுற்றி வந்து, மீண்டும் புது மணிக்குள் போக வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் உறுதி. கட்டம் போட்ட நோட்டில் வரைந்த பெயரையோ கோலத்தையோ அப்படியே மணியில் கொண்டுவரலாம்.

ரைட் ஆங்கிள்: அம்மாக்களின் பின்னல்

முத்துப்பைப் பின்னல் இதுவே, ஒற்றை ஊசியில். நான்கு மணியை வட்டமாக்குங்கள். அதில் ஒரு மணி வழியாக வெளியே வந்து, மூன்று மணி சேர்த்து, அதே மணிக்குள் திரும்பினால் அடுத்த கட்டம் தயார். ஒரு கட்டத்தில் நூல் வலஞ்சுழியாகப் போனால் அடுத்ததில் இடஞ்சுழியாகப் போகும். நான்கு மணி கூடும் மூலையை நூல் குறுக்கே தாண்டவே கூடாது. தாண்டினால் வெளியே நூல் தெரியும், பின்னலும் குழையாது.

எல்லாவற்றுக்கும் பொதுவானவை

ஒவ்வொரு மணிக்கும் நூலை இழுத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். மொத்தமாகக் கடைசியில் இழுத்தால் வரிசை சுருங்கிவிடும். ஏற்கெனவே உள்ளே ஓடும் நூலை ஊசியால் குத்தாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. முடிக்கும்போது பெரிய முடிச்சு வேண்டாம். நூலைப் பின்னலுக்குள்ளேயே திசை மாற்றி மாற்றி ஓடவிட்டு, இடையில் இரண்டு சிறு முடிச்சுப் போட்டு வெட்டுங்கள்.

ஒரே வாரத்தில் நான்கையும் பழக ஆசைப்படாதீர்கள். பெயோட்டில் ஒரு கைப்பட்டை முழுதாக முடித்த பிறகு பிரிக்குக்குப் போங்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள், ஆண்பிள்ளையானாலும் சரி. முத்துப்பை பின்னத் தெரிந்த பாட்டி இருந்தால், கண் தெரியும்போதே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளி விடுமுறையில் இரண்டு நிற மணி, ஓர் ஊசி, ஒரு கண்டு நூல் வாங்கித் தொடங்கிவிடுங்கள்.